இரும்புத் தலை, அலுமினியத் தலை

எடைக்கு எடை கணக்குப் போட்டால் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அண்ணன் தம்பிகள். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கொடுக்கும். வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ. ஊர் முழுக்க ஃபியட் என்றே அழைத்த பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின் தருவது 40 குதிரைத்திறன். எடை 895 கிலோ. டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முன்னதற்கு 45.5, பின்னதற்கு 44.7. வித்தியாசம் ஒரு குதிரைத்திறன்கூட இல்லை.

ஆனால் இரண்டையும் ஓட்டியவர்கள் யாரும் இவை ஒரே மாதிரி ஓடும் என்று சொன்னதில்லை. பட்டறைக்காரர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்: இதன் கோளாறு வேறு, அதன் கோளாறு வேறு. அம்பாசிடர் ஆயில் விடும். ஃபியட் ஹெட் காஸ்கெட் அடிக்கும். அம்பாசிடருக்கு டிரனியன் தேயும். ஃபியட்டுக்குக் கிங் பின் தேயும். இந்தப் பட்டியல் தற்செயலாக அமைந்ததல்ல. வண்டி எப்படி ஓட வேண்டும் என்று வரைபலகையில் எடுத்த முடிவுகளே, அது எப்படிப் பழுதாக வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிட்டன. நாற்பது வருடம் கழித்து ஒரு மெக்கானிக் எந்த ஸ்பேனரை எடுப்பார் என்பதுவரை அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு வண்டிகளுக்கும் பிறப்பிடம் வெளிநாடு. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய அம்பாசிடருக்கு மூலம் பிரிட்டனின் மூன்றாம் வரிசை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1950-களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே 24-இல்தான் நின்றது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் இத்தாலியின் ஃபியட் 1100 கார்களைக் கட்டியது. 1964-இல் 1100டி வந்தது. 1974-இல் அதே வண்டிக்குப் பத்மினி என்ற பெயர் வந்தது. 2000 வாக்கில் உற்பத்தி முடிந்தது. இவற்றோடு சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் சேர்த்தால், மாருதி 800 வந்த 1983 டிசம்பர் வரை இந்தியக் குடும்பம் ஒன்றின் தேர்வுப் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். கார் தயாரிக்க அரசின் அனுமதி வேண்டும் என்ற லைசன்ஸ் முறையால் போட்டி இல்லை. போட்டி இல்லாததால் மாற்றமும் இல்லை. வாங்கியவர்களுக்கு அது துன்பம்தான். பழுது பார்த்தவர்களுக்கோ அதனால் ஒரு பெரிய வசதி கிடைத்தது: 1965-இல் கற்ற தொழில் 1995-லும் செல்லுபடியானது.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். அம்பாசிடரின் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 88.9 மி.மீ. ஃபியட்டில் விட்டம் 68, ஸ்ட்ரோக் 75. அம்பாசிடரின் சிலிண்டர் ஒல்லியாக, உயரமாக இருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் நெடுங்காலம் கார் வரியை எஞ்சினின் கொள்ளளவை வைத்துப் போடவில்லை. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்துப் போட்டார்கள். ஸ்ட்ரோக் அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. எனவே விட்டத்தைக் குறுக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினால் வரி ஏறாமல் கொள்ளளவு ஏறும். 1940-களின் இறுதியில் அந்த வரிமுறை போய்விட்டது, ஆனால் வடிவமைப்பாளர்களின் கை பழகிய வழியிலேயே போனது. அம்பாசிடருக்குள் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-வரிசை எஞ்சின் 1950-களில் வந்தது என்றாலும், அதன் உடல்வாகு அந்தப் பழைய பள்ளியைச் சேர்ந்தது.

ஃபியட்டின் எஞ்சின் அதைவிடவும் மூத்தது. 68-க்கு 75 என்ற அதே அளவில், அதே 1089 சி.சி. எஞ்சின் 1937-இல் வந்த ஃபியட் 508 சி காரிலேயே இருந்தது. தாந்தே ஜகோசா என்ற பொறியாளரின் குழு உருவாக்கிய அந்த அமைப்பு, திருத்தங்களோடு மும்பை டாக்சிகளில் இருபத்தோராம் நூற்றாண்டுவரை ஓடியது. ஒரு எஞ்சின் வடிவத்துக்கு இது அசாத்தியமான ஆயுள்.

ஸ்ட்ரோக் நீளத்தின் விளைவைப் பிஸ்டனின் சராசரி வேகத்தில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் அம்பாசிடரின் பிஸ்டன் நொடிக்கு 11.9 மீட்டர் ஓடுகிறது. ஃபியட்டின் பிஸ்டன் 10 மீட்டர். அதே சுழற்சியில் அம்பாசிடர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தன்னை வருத்திக்கொள்கிறது. அதனால்தான் அது சீக்கிரமே மூச்சுமுட்டுகிறது. முழுத் திறனை அது எட்டுவது 4,200-ஐ ஒட்டி. ஃபியட் 4,800-ஐ ஒட்டி. அந்தந்த உச்சத்தில் பிஸ்டன் வேகத்தைக் கணக்கிட்டால் ஒன்றுக்கு 12.4, மற்றதற்கு 12.0. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் பிறந்த இரண்டு எஞ்சின்கள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மசகெண்ணெய், பிஸ்டன் வளையம், வார்ப்பிரும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அன்று வைத்திருந்த வரம்பு அது.

ஓட்டுபவருக்கு இது எப்படித் தெரியும்? அம்பாசிடரில் மூன்றாவது கியரில் மெதுவாக ஊர்ந்தபடியே மேட்டை ஏறிவிடலாம். பெரிய கொள்ளளவு குறைந்த சுழற்சியிலேயே இழுவையைக் கொடுத்துவிடுகிறது. ஃபியட்டை அப்படி ஓட்டினால் உதறும். அது கியரைக் குறைத்து, எஞ்சினைச் சற்றுப் பாட விடச் சொல்கிறது. அப்படி விட்டால் நகரத்துச் சந்துகளில் துடிப்பாக ஓடுகிறது. சிறிய திருப்பம், குறைந்த அகலம், 14 அங்குலச் சக்கரம் எல்லாம் அதற்குத் துணை. மும்பை டாக்சிக்காரர்கள் ஃபியட்டையும், கொல்கத்தா டாக்சிக்காரர்கள் அம்பாசிடரையும் வைத்துக்கொண்டதற்குத் தொழிற்சாலை எந்த ஊரில் இருந்தது என்பதே முதல் காரணம். ஆனாலும் மும்பையின் நெரிசலுக்கு ஃபியட் பொருத்தமாகவே அமைந்தது. அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் சாலைக்கு வந்தது. இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வுபெற்றது.

ஆள் ஏற ஏற நிலைமை மாறும். ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் கூடுதல் சுமை 325 கிலோ. இப்போது டன்னுக்கு அம்பாசிடரில் 35 குதிரைத்திறன், ஃபியட்டில் 33-க்கும் கீழே. காலி வண்டியோடு ஒப்பிட்டால் அம்பாசிடர் இழப்பது 23 சதவீதம், ஃபியட் இழப்பது 27. பாட்டி, பேரன், பாத்திரம், பலகாரம் என்று முழுக் குடும்பமும் திருவிழாவுக்குக் கிளம்பும் நாளில் அம்பாசிடர் ஏன் முகம் சுளிக்காமல் போனது என்பதற்கான விளக்கம் இந்த நான்கு சதவீதத்தில் இருக்கிறது. அதற்கான விலையைப் பெட்ரோல் பங்க்கில் கொடுக்க வேண்டும். நகரத்தில் அம்பாசிடர் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர், ஃபியட் 11, 12 என்பது ஓட்டுநர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இரண்டின் மைலேஜையும் கட்டிப்போட்ட பொதுக் காரணம் ஒன்று உண்டு: அமுக்க விகிதம். அன்றைய இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் அளவு குறைவு. அதிகம் அமுக்கினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்னே மீதிக் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். எனவே விகிதத்தை 7-ஐ ஒட்டியே வைத்தார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கான ஓட்டோ சுழற்சியின் இலட்சியச் சமன்பாட்டில் 7 என்று போட்டால் அதிகபட்சத் திறன் 54 சதவீதம். இன்றைய கார்களைப் போல 10 என்று போட்டால் 60. நிஜ எஞ்சின் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனாலும் அந்த இடைவெளி அப்படியே பெட்ரோல் செலவில் வந்து உட்காரும்.

இப்போது இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருவோம். சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்கார்ந்து, வால்வுகளைத் தாங்கி நிற்கும் பாகம் சிலிண்டர் ஹெட். அம்பாசிடரில் அது வார்ப்பிரும்பு. ஃபியட்டில் அலுமினியம். கீழே இருக்கும் பிளாக் இரண்டிலும் வார்ப்பிரும்புதான்.

அலுமினியம் வெப்பத்தை வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். எடையும் பாதிக்கும் குறைவு. எரிகலத்தின் சுவர் குளிர்ச்சியாக இருந்தால் எஞ்சின் தட்டுவது குறையும், சின்ன எஞ்சினிலிருந்து கூடுதல் திறனைக் கறக்கலாம். ஃபியட்டின் சுறுசுறுப்பில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அலுமினியம் சூட்டில் விரிவதும் இரும்பைவிட இரண்டு மடங்கு. 400 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டை 80 டிகிரி சூடேற்றினால் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 0.35 மி.மீ. நீளும், அலுமினியம் 0.74 மி.மீ. நீளும். மேலே ஒன்று அதிகம் விரிகிறது, கீழே ஒன்று குறைவாக விரிகிறது, நடுவில் கசிவை அடைக்கும் தகடான ஹெட் காஸ்கெட் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் தேய்க்கப்படுகிறது. வழக்கமான சூட்டில் காஸ்கெட் இதைத் தாங்கிக்கொள்ளும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் விரிய வழியில்லாமல் வளைந்துவிடும். போல்ட்டுகள் அதைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

கழற்றும்போதுதான் தெரியும். மெக்கானிக் ஹெட்டைத் துடைத்து, பெஞ்சில் மல்லாத்திப் போட்டு, நேரான எஃகுச் சட்டத்தை அதன் குறுக்கே மூலைக்கு மூலை வைப்பார். பிறகு ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. தகட்டை அந்தச் சட்டத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் ஹெட் லேத்துக்குப் போய் ஃபேசிங் ஆகி வர வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் எரிகலம் சற்றுச் சிறுத்து, அமுக்க விகிதம் கொஞ்சம் ஏறுகிறது. நாலாவது தடவைக்கு உலோகம் மிஞ்சாது. அதனால் அனுபவசாலிகள் ஃபியட் ஹெட்டைச் சூட்டோடு கழற்றவே மாட்டார்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன வரிசையில், டார்க் ரெஞ்சால் படிப்படியாக முறுக்குவார்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து ஆறிய பின் மறுபடியும் ஒரு முறுக்கு. இந்த மறுமுறுக்கை விட்டுவிட்டதால் போன காஸ்கெட்டுகள் ஏராளம்.

பல பட்டறைகளில் இன்னொரு பழக்கம் இருந்தது. நம் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். கொதிப்பது குறைவதுபோலத் தோன்றும். உண்மையில் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகிறது, அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, சிலிண்டர் சுவரும் கூடுதலாகத் தேய்கிறது. கொதிப்புக்கு மருந்து ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்வதும், விசிறிப் பெல்ட்டைச் சரியாக இழுத்து வைப்பதும்தான்.

அம்பாசிடரின் இரும்புத் தலை இத்தனை நளினம் கேட்காது. கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்கான சோதனை வேறு திசையிலிருந்து, சட்டத்தின் வழியாக வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் பெட்ரோலில் ஈயம் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளையைக் காக்க எடுத்த மிகச் சரியான முடிவு அது. ஆனால் அந்த ஈயம் பழைய இரும்பு ஹெட்டுகளில் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு, எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே திரையாக நின்றது. அது போனதும், செக்கச் சிவந்த வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் இரும்பில் நுண்ணளவில் ஒட்டிப் பிய்ந்தது. அம்பாசிடரில் வால்வு உட்காரும் இடம் ஹெட்டின் இரும்பிலேயே கடையப்பட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, வால்வு உள்ளே இறங்கத் தொடங்கியது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வால்வு உள்ளே இறங்கினால் அதன் தண்டு மேலே வரும். தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இருக்கும் டாப்பெட் இடைவெளி குறையும். இந்த எஞ்சினுக்கு அந்த இடைவெளி சுமார் 0.38 மி.மீ. இருக்க வேண்டும். குறையக் குறைய டக் டக் என்ற சத்தம் அடங்கிப்போய் எஞ்சின் இனிமையாக ஓடுவதுபோல் இருக்கும். உரிமையாளர் மகிழ்ச்சியாக இருப்பார். இடைவெளி முற்றிலும் போனதும் வால்வு முழுதாக மூடாது, சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அலுமினியத்தில் வால்வு நேரடியாக உட்கார முடியாது. அது மெத்தென்ற உலோகம். அதனால் ஃபியட்டில் தொடக்கத்திலேயே கடினமான தனி வளையங்களை அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். வளையம் தேய்ந்தால் வளையத்தை மாற்றினால் போதும். அம்பாசிடருக்கும் இப்போது அதே வைத்தியம்தான்: ஹெட்டைக் கடைந்து கடின வளையம் ஏற்றிவிட்டால் ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றிய கவலை தீர்ந்தது.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். நின்ற இடத்தில் கறை விடாத பழைய அம்பாசிடரைப் பார்ப்பது அரிது. இது பெரும்பாலும் ஓட்டுநரின் அலட்சியமோ மெக்கானிக்கின் குறையோ அல்ல. கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு கிளட்ச் பக்கம் வெளியே வரும் இடத்தில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேலேயே ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். சுழற்சி நின்றால் தள்ளுவதும் நின்றுவிடும். சரிவில் நிறுத்தினால் எண்ணெய் நிதானமாக வழியும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிவாயு கீழே கசியத் தொடங்கினால் உள்ளழுத்தம் ஏறி, ஓடும்போதும் எண்ணெய் வெளியே வரும். ஆக, கறை திடீரென்று பெரிதானால் அது வளையங்களைப் பற்றிய செய்தி.

அப்போது ரீபோர் செய்ய வேண்டிவரும். தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 என்று மூன்று படிகள். கடைசிப் படியில் அம்பாசிடரின் சிலிண்டர் விட்டம் 74.55 மி.மீ. ஆகிவிடும், கொள்ளளவு 1552 சி.சி. தேய்ந்து தேய்ந்து 63 சி.சி. வளர்ந்திருக்கிறது! அதற்கும் பிறகு புதிய ஸ்லீவ் இறக்கி முதல் அளவுக்கே திரும்பலாம். தூக்கி எறிய வேண்டிய கட்டம் என்று ஒன்று இந்த எஞ்சின்களுக்கு எளிதில் வருவதில்லை. பிஸ்டனும் வாங்கலாம், சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகளால் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது. மின்சாதனங்களுக்கு 1961-இல் சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. உத்தர்பாராவுக்கும் குர்லாவுக்கும் வெகு தூரத்தில் இருந்தாலும், சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ நடந்தால் இந்த வண்டிகளின் உதிரிப் பாகங்கள் கிடைத்த ரகசியம் இதுதான்.

முன் சஸ்பென்ஷனில் இரண்டு நாட்டுச் சிந்தனையும் தனித்தனியாகத் தெரிகிறது. ஃபியட்டில் விஷ்போன் கைகளும் சுருள் ஸ்பிரிங்கும். அம்பாசிடரில் சுருளே இல்லை. தரைக்கடியில் வண்டியின் நீளவாக்கில் ஓடும் எஃகுத் தண்டு ஒன்று, சக்கரம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்கிறது. டார்ஷன் பார் என்பது அதன் பெயர். இயற்பியலில் இரண்டும் ஒன்றே. சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போதும் அதன் கம்பி முறுக்கவே படுகிறது. இரண்டிலும் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் ஏறும்.

பராமரிப்பில்தான் பிரிவு. சுருள் தளர்ந்தால் மாற்ற வேண்டும். டார்ஷன் பார் தளர்ந்து வண்டி மூக்கைத் தாழ்த்தினால், பல்வரிசையில் கழற்றி வேறு நிலையில் மாட்டி உயரத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம். செலவு பெரும்பாலும் கூலி மட்டுமே. ஒரே எச்சரிக்கை: இடது தண்டை வலதுபுறம் மாட்டக்கூடாது. பல ஆண்டுகள் ஒரே திசையில் முறுக்குண்ட எஃகு, எதிர்த்திசையில் முறுக்கினால் விரிசல் விடக்கூடும். இரண்டு வண்டிகளிலும் சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளுக்குக் கிரீஸ் வேண்டும், அதுவும் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து அடித்தால் பழைய கறுத்த கிரீஸ் பிதுங்கி வெளியே வரும். புதிய நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். இரண்டே நிமிட வேலை. இதைச் செய்தவர்களின் டிரனியனும் கிங் பின்னும் பல்லாண்டு நின்றன. மற்றவர்களின் ஸ்டீயரிங் ஆடியது.

பிரேக் இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,425 கிலோ எடையுள்ள அம்பாசிடர் அவ்வளவு இறங்கும்போது 27 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மூடிய டிரம்முக்குள் அந்தச் சூடு தேங்கினால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும், பெடல் கீழே போகும். மலையோர ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்லிக்கொடுத்ததன் பொருள், அந்த 27 மெகாஜூலில் பெரும்பகுதியை எஞ்சினிடம் கொடு என்பதே. இங்கே பெரிய கொள்ளளவு அம்பாசிடருக்குச் சாதகம். இரண்டு வண்டியிலும் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் இல்லாததால், அவசரத்தில் முதலுக்குத் தள்ளப் பார்த்தால் பல் கடிக்கும். அதனால் இரண்டாவதை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் எஞ்சினைவிட அடிப்பாகத்தைப் பார்ப்பது நல்லது. அம்பாசிடருக்கு லாரிபோலத் தனி சேஸிஸ் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். இல்லை. இரண்டுமே உடலே சட்டமாக இருக்கும் மோனோகாக் வகை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி துருப்பிடித்தால் போவது அழகு மட்டுமல்ல, வண்டியின் முதுகெலும்பு. பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்பதால், ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பட்டியின் மேல் அது பிடிக்காது.

சட்டம் இப்போது கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத கார்களை வின்டேஜ் வகையில் பதியலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. மற்ற பழைய கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது.

இன்று இரண்டு வண்டிகளுக்கும் பொதுவாக வந்திருக்கும் புதிய சோதனை, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலந்த எரிபொருளுக்கு இது 13.5 அளவில் வரும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. புதிய கார்களில் சென்சார் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. கலவை நீர்த்துப்போய் எஞ்சின் சூடேறும், பிக்கப் குறையும். அலுமினியத் தலைக்கு இந்தச் சூடு ஆகவே ஆகாது.

ஃபியட்டின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளை நிலையானது. மெயின் ஜெட்டில் பொறித்த எண், துளையின் விட்டத்தை மி.மீ.யின் நூறில் ஒரு பங்காகச் சொல்லும். 120 என்ற ஜெட்டை எடுத்துவிட்டு 125 போட்டால் துளையின் பரப்பு 8.5 சதவீதம் கூடும். தேவைக்குக் கிட்டத்தட்ட சரி. பழைய அம்பாசிடர்களின் எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட்டே மாற்ற வேண்டாம். அதில் காற்று இழுப்புக்கேற்ப மேலும் கீழும் போகும் பிஸ்டன் ஒன்றும், அதன் அடியில் கூம்பிய ஊசி ஒன்றும் உண்டு. ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நட்டை ஒரு முகம், இரண்டு முகம் திருகினால் கலவை செறிவாகும். சரியா என்று பார்க்க, சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்தப் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக மெல்லத் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை அதிகம். எஞ்சின் அணைந்தால் போதாது. ஒரு கணம் ஏறித் தணிந்தால் சரி. மேலே இருக்கும் டாஷ்பாட்டில் மெல்லிய எஞ்சின் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும். இரண்டு வண்டியிலும் பெட்ரோல் குழாயின் பழைய ரப்பரையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிட்டு, டேங்கை அரைகுறையாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாமல் இருந்தால் போதும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கித் துருவாகி, ஃபியட்டில் அந்த 1.25 மி.மீ. துளையையும் அடைத்துவிடும்.